தண்ணீர்ப் பக்கம் திரும்பிய வாசல்

கும்மிடிப்பூண்டி
16.2.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி எட்வர்ட்டுக்கு,

ஸ்தோத்திரம். நானும், உன் மனைவி ஸ்நேகாவும், அவள் வயிற்றில் இருக்கும் உன் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அந்த ஊர்க் குளிர் உன்னை ரொம்பப் படுத்துகிறதா?

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். "ஞாயித்துக்கெழமை கூட இன்னா மேடம்?" என்று வாட்ச்மேன் கேட்டார். ஃபைலை மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்த வெற்று இடத்தைப் பார்க்கத்தான் போனேன். மண்டபத்தைப் பிரித்து ஏற்றிய கண்டெய்னர்கள் வெள்ளிக்கிழமையே துறைமுகத்துக்குப் போய்விட்டன. இருபத்து நான்கு தூண்கள் நின்ற இடத்தில் இப்போது இருபத்து நான்கு சதுரத் தடங்கள் மட்டும் மண்ணில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு நாய் படுத்திருந்தது.

விசா வேலையாக நீ சென்னைக்கு அலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அதை இங்கே சோதனைக்கு நிறுத்திப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லையே என்று எனக்குக் குறை. அதனால் எழுதுகிறேன். நான்கு பக்கமும் ஒரே அளவு. ஒரே ஒரு வாசல். சுவருக்குப் பதில் ஓட்டை போட்ட இரும்புத் தகடுகள். வெளியே நின்று பார்த்தால் இன்னொரு கொட்டகை, அவ்வளவுதான். உள்ளே போனதும் என் கால் தானாக நின்றுவிட்டது. வெயில் ஆயிரம் ஓட்டை வழியாகச் சாய்வாக இறங்கியது, மழை பெய்வதுபோல. வெளியே ஹைட்ரா கிரேன் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூட வேறு ஊரில் கேட்பதுபோல இருந்தது. பத்தொன்பது வருஷமாக இரும்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். இரும்பு இப்படியும் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

உலகத்து நாடுகள் எல்லாம் அங்கே வெனிஸில் நடக்கும் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஆளுக்கொரு மண்டபம் வைக்குமாமே. நமக்கு வேலை கொடுத்த தீவு நாட்டை வரைபடத்தில் தேடினேன். ஒரு மிளகு அளவுகூட இல்லை. அதற்கு ஒரு மண்டபம், அதுவும் நம் சிப்காட்டிலிருந்து.

தம்பி, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. பழைய கம்பெனியில் நீ சூப்பர்வைசரிடம் கையை ஓங்கிவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். மேனேஜர் துளசிராமன் சாரிடம் என் பேரைச் சொல்லித்தான் உன்னை இங்கே சேர்த்தேன். இந்த ஒரு வேலை நல்லபடி முடிந்தால் வெளிநாட்டு டீமில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். அங்கே உனக்கு மேலே இருக்கும் மணவாளன் சார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இங்கே ஸ்நேகா ஸ்பீக்கர் போடுகிறாள், அங்கே உன் அறையில் ஐந்து பேர். நீ "ம், சரி" என்பதைத் தாண்டுவதில்லை. கடிதத்திலாவது பேசு.

உன் அக்கா
ஜெனிபர்


வெனிஸ்
4.3.2025

அக்காவுக்கு,

எட்வர்ட்டு எழுதறது. ஸ்தோத்திரம். நான் சௌக்கியம். மூக்குதான் ஒழுகிகினே கீது. உன் முட்டிவலி எப்டி கீது? ஸ்நேகா நாஷ்டாவ ஒழுங்கா துன்றாளா?

இந்த ஊர்ல ரோடே கெடையாது அக்கா. சிமெண்ட் மூட்ட, கட்டிலு, ஆஸ்பத்திரிக்குப் போற ஆளு, பொணம் எல்லாம் போட்லதான் போவுது. நம்ம கண்டெய்னர் இன்னும் வரல. அதுவரைக்கும் வேற நாட்டு ஆளுங்களுக்கு ஒத்தாச பண்ணுன்னு மணவாளன் சாரு உட்டுட்டாரு. அதனால சுத்திப் பாத்துகினு கீறேன்.

ஒரு பெரிய தோட்டம். அதுக்குள்ள நாட்டுக்கு ஒரு ஊடு. நெத்தியில பேரு எழுதிகீது. சண்ட போட்டுகினு இருந்த நாடுங்ககூட அடுத்தடுத்த ஊடு. ஆனா ஒருத்தரும் குடியிருக்கறதில்ல. ஒரு ஊட்ல உள்ளாற பெரிய பெரிய மரம் நிக்குது. கட்டறப்ப மரத்த வெட்டாம, கூரையத் தொறந்து மரத்துக்கு வழி உட்டுட்டானுங்க. நான் அங்கியே நின்னுட்டேன். செவுரு, கூரைன்னா எனக்கு இன்னா தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தவன் நானு.

நம்ம நாட்டுக்கு இந்தத் தோட்டத்துல நெலையா ஊடு இல்லயாம். நம்ம தீவுக்காரங்களுக்கும் இல்ல. அவுங்களுக்குத் தள்ளி, பழைய கப்பல் கட்டற எடத்துல ஓரமா ஒரு மூல குடுத்துக்கீறாங்க. முன்னாடி நட பாத, பின்னாடி தண்ணி.

சார்கிட்ட சண்ட போடல. போடவும் மாட்டேன். பயப்படாத.

தம்பி
எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
18.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். ஸ்நேகாவுக்கு ஐந்தாவது மாதம். வாந்தி நின்றுவிட்டது. என் முட்டியை நான் கண்டுகொள்வதில்லை, நீயும் விடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் குப்புராஜ் அண்ணனுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "யாரும் குடியிருக்கலன்னா அது இன்னா ஊடு, கல்யாண மண்டபமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என்னிடம் மட்டும், "அந்த மரம் இன்னா மரம்னு கேளும்மா" என்றார்.

எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. கொட்டகை என்றால் சரக்கு வைக்க, வீடு என்றால் படுக்க, சர்ச் என்றால் ஜெபிக்க. இவற்றில் எதுவும் இல்லாமல், உள்ளே வருகிறவன் ஒரு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நாடு இவ்வளவு இரும்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறது என்றால், சும்மா நிற்பதில் ஏதோ இருக்கிறது. நான் இங்கே யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. பைத்தியம் என்பார்கள்.

மற்ற நாட்டு மண்டபங்களைப் பற்றி எழுது. ஒன்றையும் விடாதே.

அக்கா
ஜெனிபர்


வெனிஸ்
6.4.2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சளி போயிடுச்சி. குப்புராஜ் அண்ணன்கிட்ட சொல்லு, மரத்தோட பேரு கேட்டேன், அந்தாளு சொன்னது என் வாய்ல நுழையல.

நம்ம மண்டபம் நின்னுடுச்சி. பன்னெண்டு நாள்ல. போட்ல கிரேன வச்சி எறக்கனோம். ஒண்ணாம் நம்பர் தூண வரைபடத்துல போட்டுகீற மூலையில நிறுத்தி, அங்கேருந்து ரெண்டு, மூணுன்னு வரிசையா போனேன். ஒரு ஓட்டகூட இடிக்கல. போல்ட்டு வெண்ணெயில போற மாதிரி போச்சு. இத்தாலிக்கார ஃபோர்மேன் என் தோள்ல தட்டிக் குடுத்தான். நீ சொன்ன மழ மாதிரி வெயில நானும் பாத்துட்டேன்.

நீ கேட்டியே. ஒரு நாடு பெரிய ஹால மொத்தமா காலி பண்ணி, மண்ணக் கொட்டி, அவுங்க ஊரு பொம்பளைங்க இருவது பேரு வெறுங்கால்ல மிதிச்சி மிதிச்சிக் கெட்டியாக்கனாங்க. அஞ்சி நாள். அவ்ளோதான் அவுங்க மண்டபம். செருப்பக் கழட்டிட்டுப் போணும். குதிங்கால் தடம்லாம் அப்படியே கீது. இன்னொரு நாடு இருட்டு ரூம்பு. உள்ளாற போனா அந்த ஊரு மழ சத்தம் மட்டும். ஓட்டுல பெய்யற மழ, தகரத்துல பெய்யற மழ, எலையில பெய்யற மழ. நான் தகரத்துல பெய்யற எடத்துல போய் உக்காந்துகினேன். ஏன்னு உனக்கே தெரியும், நாம வளந்த ஊட்டுக் கூர தகரம்தான.

வேல முடிஞ்ச மாதிரிதான். நாளன்னிக்கி மண்டபத்த வரைஞ்ச அம்மா அவுங்க நாட்லேருந்து வராங்க.

தம்பி
எட்வர்ட்


வெனிஸ்
14.4.2025

அக்கா,

சுகம். நீங்களும் சுகம்னு நம்பறேன்.

மண்டபம் திரும்பி நிக்குது. வாசல் பாத பக்கம் வரணும். தண்ணிப் பக்கம் போய்க்கீது. அந்த அம்மா வந்து பாத்தாங்க. சுத்தி வந்தாங்க, மறுபடி சுத்தி வந்தாங்க. அவுங்க கத்தியிருந்தா எனக்குத் தேவல.

நான் வரைபடத்தத் தப்பா படிச்சிட்டேன்னு மணவாளன் சாரு கம்பெனிக்கு மெயில் போட்டுட்டாரு. எல்லார் முன்னாடியும் கேட்டாரு, "வடக்கு எது தெக்கு எதுன்னு தெரியாதாடா ஒனக்கு?" கைய பின்னாடி கட்டிகினு நின்னேன் அக்கா. சத்தியமா.

தெனமும் படத்தப் பாக்கறேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. நம்பர் அடிச்ச மார்க்கிங் ஷீட்டு உன் ஃபைல்லதான் இருக்கும். அதப் பாத்து எனக்கு எழுது. நான் தப்பா படிச்சனா, இல்லையா?

எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
28.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்நேகாவை வேப்பம்பட்டில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம் இருக்கச் சொன்னேன். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. யார்டில் பதினோரு மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியவில்லை. புறநகர் ரயில் இந்த வாரம் இரண்டு நாள் தாமதம்.

ஈஸ்டர் ஆராதனையில் போதகர் உனக்காக ஜெபித்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மனதைத் தளரவிடாதே. மண் மிதித்த பெண்களைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா
ஜெனிபர்


வெனிஸ்
9.5.2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. ஸ்நேகாவப் பத்தி எழுதன, வெயிலப் பத்தி எழுதன, ரயிலு லேட்டு எழுதன. நீ ஒண்ண எழுதாம உட்டா அது மறதியில இல்ல. சின்ன வயசுலேருந்து பாக்கறேன்.

பரவால்ல. இங்க நடந்தத சொல்றேன்.

திருப்பி நிறுத்த நாள் இல்ல. அந்த அம்மா ஒரு சாயங்காலம் தனியா உள்ளாற போய் உக்காந்தாங்க. ஒரு மணி நேரம் இருக்கும். வெளிய வந்து, இப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. சந்தோஷமா சொல்லல. எனக்குப் புரிஞ்ச வரைக்கும், வேற வழி இல்லன்னுதான் சொன்னாங்க. பாதையிலேருந்து பின்னாடி வரைக்கும் ஒரு அம்புக்குறி வரையச் சொன்னாங்க. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்.

இப்ப தொறக்கறதுக்கு முன்னாடியே பேப்பர்காரங்க, பெரிய பெரிய ஆளுங்க வந்துகினு கீறாங்க. மொதல்ல பின்பக்கத்தப் பாத்துட்டு, இது இன்னாடா மூடிக்கீதுன்னு அம்புக்குறி வழியே சுத்தி வராங்க. வாசல்கிட்ட திரும்பனா அடுத்த அடி தண்ணி. ரெண்டு முழம்தான் எடம். எல்லாரும் அங்க வந்ததும் பேச்ச நிறுத்திடறாங்க. பேசிகினே வந்தவங்க ஒருத்தர்கூட பேசிகினே உள்ள போவல. நான் எண்ணாம இல்ல, எண்ணிகினேதான் நிக்கறேன். தப்பா நிக்குது அக்கா. ஆனா எப்டி நிக்குதுன்னு நீ பாக்கணும்.

சாரு மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. வெளிநாட்டு டீம் லிஸ்ட்டு ஜூன் கடைசியில போடுவாங்களாம்.

எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
2.6.2025

அன்புள்ள எட்வர்ட்டுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்க வாய் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

நீ தப்பாகப் படிக்கவில்லை.

வரைபடத்தில் ஒன்றாம் தூண் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. நம் யார்டில் குப்புராஜ் அண்ணன் எந்த வேலையானாலும் வடகிழக்கு ஈசானி மூலையில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றி, அங்கே நிற்கும் தூணில்தான் முதல் எண்ணை அடிப்பார். நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். நானும் வேதக்காரிதானே, ஆனால் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சூடம் அணையும்வரை தலை குனிந்து நிற்பேன். அவருடைய எண் வரைபடத்து எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், "இங்கே ஒன்று என்பது அங்கே பதின்மூன்று" என்று ஷீட்டில் குறிப்பு எழுத வேண்டும். அது என் வேலை. அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. நீ கேட்டதும் ஃபைலை எடுத்தேன். கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து.

மண்டபம் நான்கு பக்கமும் ஒரே அளவு. அதனால் எந்தத் துளையும் உன்னை எச்சரிக்கவில்லை. வடகிழக்குத் தூணை நீ தென்மேற்கில் நிறுத்தினாய், ஏனென்றால் அதன் மேல் ஒன்று என்று அடித்திருந்தது. மற்ற எல்லாம் அதன் பின்னால் திரும்பிவிட்டன.

குறிப்பை ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். சோதனைக்கு நிறுத்திய அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு எண்களைச் சரிபார்க்கத்தான் உள்ளே போனேன். அந்த வெயிலைப் பற்றி உனக்கு எழுதினேன் இல்லையா, அது அப்போதுதான். அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். கையில் ஷீட் இருந்தது. வேலை முடியும் சங்கு ஊதியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஒரு எண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் உனக்கு எழுதப் பயந்தேன். உன்னை நினைத்துப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். என்னை நினைத்துத்தான் பயந்தேன்.

அக்கா


வெனிஸ்
13.6.2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீ சொல்லலன்னாலும் நான் சொல்வேன்.

உன் லெட்டரப் படிச்சிட்டு நேரா மண்டபத்துக்குப் போனேன். ஒண்ணாம் தூண்ல அடிச்ச நம்பரத் தடவிப் பாத்தேன். ரெண்டு மாசமா எனக்கு மூளையே இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன் அக்கா. இப்ப ஒரு மாதிரி லேசா கீது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதும்.

நீ ஆபீஸ்ல வாயத் தொறக்காத. எனக்கு ஏற்கெனவே கெட்ட பேரு, அதோட இது ஒண்ணு சேர்ந்தா இன்னா கொறஞ்சிடும்? உனக்குக் கையெழுத்துதான் சோறு. அதப் புடுங்கிட்டா நாப்பத்திநாலு வயசுல எவன் உனக்கு வேல குடுப்பான்? ஸ்நேகாவுக்கு எட்டாவது மாசம். குப்புராஜ் அண்ணனயும் இழுப்பானுங்க, பாவம், ஆகஸ்ட்ல ரிட்டயர்டு. நான் வெல்டரு. காட்டுப்பள்ளி துறைமுகத்துல போய் நின்னாலும் பொழச்சிக்குவேன்.

நீ உள்ள போய் அரமணி நேரம் நின்னத நெனச்சி சிரிச்சிட்டேன். அந்த அம்மா ஒரு மணி நேரம். நீ அரமணி நேரம். அந்த மண்டபத்துக்கு மொதல்ல மயங்குன ஆளு நீதான். இத்தாலிலேருந்து வரல, கும்மிடிப்பூண்டிலேருந்து.

ஜூலை கடைசியில வந்துடுவேன். அதுவரைக்கும் ஒண்ணும் பேசாத. என் மேல ஆண.

தம்பி
எட்வர்ட்


கும்மிடிப்பூண்டி
29.6.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். ஸ்நேகா நன்றாக இருக்கிறாள், குழந்தை ரொம்ப உதைக்கிறது என்கிறாள். உன் உடம்பும் மனதும் தெளிவாக இருக்கட்டும்.

நீ "போதும்" என்று எழுதியிருந்தாய். நானும் இரண்டு நாள் போதும் என்று இருந்து பார்த்தேன். முடியும் போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வெளிநாட்டு டீம் லிஸ்டைப் பற்றிப் பேச்சு வந்தது. நாளை மதியம் துளசிராமன் சார் கையெழுத்துப் போடுகிறார். உன் பேர் நீக்கப்பட்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். "பொழுது எந்தப் பக்கம் கெளம்புதுன்னு பாத்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்குமே நம்ம எட்வர்ட்டுக்கு" என்றார் குப்புராஜ் அண்ணன். கெட்ட மனதோடு சொல்லவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எட்வர்ட். சத்தமாகவே சிரித்தேன். சிரித்த பிறகு என் டிபன் பாக்ஸை மூடுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து ஒன்றைத்தான் யோசிக்கிறேன். அந்த அரைமணி நேரத்துக்காக நான் வருத்தப்படவில்லை. உன்னைத் தவிர வேறு யாருக்கும் இதை எழுத மாட்டேன். நான் வருத்தப்பட வேண்டியது குறிப்பு எழுதாததற்கு. இரண்டையும் சேர்த்து மறைத்துவைத்தால், அந்த வெயிலும் திருடியதாகிவிடும். இனிமேல் எதன் முன்னாலும் என்னால் அப்படி நிற்க முடியாது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான் நிற்பேன்.

நாளை காலை எட்டரை மணிக்குத் துளசிராமன் சார் வருவார். ஃபைலை அவர் மேசையில் திறந்துவைத்து அந்த வெறுமையான கட்டத்தைக் காட்டப்போகிறேன். குப்புராஜ் அண்ணன் செய்தது எல்லா வேலைக்கும் செய்வது, அதை எழுதிக் கொடுக்காதது நான் என்று சொல்லப்போகிறேன். உன் பேரை லிஸ்டில் திரும்ப எழுதும்வரை அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு என் கையெழுத்தை அவர் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

"என் மேல ஆண" என்று எழுதியிருந்தாய். மன்னித்துவிடு, நம் சபையில் ஆணைக்கு இடமில்லை.

இதை ஸ்நேகாவிடம் சொல்லவில்லை. போதகரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். இன்று சாயங்காலம் நீ கூப்பிடுவாய், ஸ்நேகா ஸ்பீக்கர் போடுவாள். நேற்று இங்கே நல்ல மழை. நாம் அதைப் பற்றிப் பேசுவோம்.

உன் அக்கா
ஜெனிபர்